உலோக ஆக்சைடு நானோ துகள்கள்: செல்லுக்குள் போனதும் என்ன நடக்கிறது?

ஜி.ஐ. பைப்பில் நாள் முழுக்க வெல்டிங் அடித்தவருக்கு அன்று இரவு காய்ச்சல் வருவதுண்டு. வேலை முடிந்து நாலைந்து மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் குளிர் எடுக்கும், உடம்பு முறுக்கும், வாயில் உலோகச் சுவை தட்டும், தாகம் அடங்காது. ஃப்ளூவா மலேரியாவா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கிவிடும். மருத்துவத்தில் இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். இரும்புக் குழாயின் மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் சுடரின் வெப்பமோ அதைப் போல் பல மடங்கு. ஆவியான துத்தநாகம் காற்றைத் தொட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து வெள்ளைப் புகையாகிறது. அந்தப் புகையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவது, 100 நானோமீட்டருக்கும் குறைவான துத்தநாக ஆக்சைடு துகள்களும் அவை ஒன்றோடொன்று ஒட்டிய கொத்துகளும்தான்.

இன்று ஆய்வகங்களில் பொறுப்பாகத் தயாரித்து, அளந்து, பெயர் வைத்து ஆராயும் பொருளைப் பித்தளை வார்ப்புத் தொழிலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1920-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் டிரிங்கர் குழுவினர் மனிதர்களையே துத்தநாக ஆக்சைடு புகையைச் சுவாசிக்க வைத்துப் பரிசோதித்தார்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் சுவாசித்தால் இரண்டாம் நாள் காய்ச்சல் குறைவாக இருப்பதை 1927-ல் பதிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குப் போகிறவருக்குத்தான் காய்ச்சல் பலமாக வரும் என்று தொழிலாளர்கள் சொல்லிவந்ததும் இதோடு பொருந்தியது.

உலோக ஆக்சைடு நானோ துகள்களைப் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் சன்ஸ்கிரீன், மிட்டாய், பற்பசை என்றே சுற்றுகிறது. அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் இந்தத் துகள்கள் மனித செல்லுக்குள் என்ன செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், முதலில் கவலைப்பட வேண்டியது அவற்றைத் தின்பவரைப் பற்றியோ பூசுபவரைப் பற்றியோ அல்ல, மூச்சில் இழுப்பவரைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் சிவப்பணு ஒன்றின் குறுக்களவு சுமார் 7,000 நானோமீட்டர். செல்லின் வெளிச்சவ்வு ஏழெட்டு நானோமீட்டர் தடிமன். ஆக, 20 அல்லது 30 நானோமீட்டர் துகளைச் செல் ஒரு தூசியாகப் பார்ப்பதில்லை. வழக்கமாகத் தான் உள்ளே இழுத்துக்கொள்ளும் வைரஸ், புரதக் கொத்து ஆகியவற்றின் அளவில்தான் அதுவும் இருக்கிறது.

அளவு குறையும்போது மேற்பரப்பு எப்படிப் பெருகுகிறது என்பது இன்னும் முக்கியம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். எடை கூடவில்லை, பொருளும் மாறவில்லை. வேதிவினை நடக்கிற இடம் மட்டும் கோடி மடங்காகிவிட்டது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் குன்டர் ஓபர்டார்ஸ்டர் குழு 1990-களில் இதை எலிகளின் நுரையீரலில் காட்டியது. 20 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடையும் 250 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடையும் ஒரே எடையில் கொடுத்தார்கள். சிறிய துகள் பல மடங்கு அதிக அழற்சியை உண்டாக்கியது. எடையை விட்டுவிட்டு மேற்பரப்பைக் கணக்கிட்டு வரைந்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வந்து விழுந்தன. நுரையீரல் கணக்குப் பார்ப்பது எத்தனை மில்லிகிராம் என்பதை அல்ல, எவ்வளவு மேற்பரப்பு என்பதை என்று புரிந்தது. நம் விதிமுறைகளில் பெரும்பாலானவை இன்னும் மில்லிகிராமில்தான் இருக்கின்றன.

இனி செல்லுக்குள் போகலாம். இரத்தத்திலோ நுரையீரலின் ஈரத்திலோ இறங்கியதும் துகளின் மேல் புரதங்கள் வந்து படியத் தொடங்குகின்றன. அல்புமின், ஃபைப்ரினோஜன், நோய் எதிர்ப்புக்கான புரதங்கள் என்று ஒரு போர்வையே உருவாகிறது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கென்னத் டாசனும் அவரோடு வேலை செய்தவர்களும் 2007 முதல் இந்தப் போர்வையைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். செல் தொடுவது துகளை அல்ல, அந்தப் போர்வையை. எந்தப் புரதம் மேலே இருக்கிறதோ அதைப் பொறுத்து எந்தச் செல் அதை விழுங்கும், எவ்வளவு வேகமாக விழுங்கும் என்பது மாறுகிறது. ஆய்வகத்தில் செல் வளர்க்கும் திரவத்தில் சீரம் சேர்த்தால் ஒரு முடிவும், சேர்க்காவிட்டால் வேறு முடிவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழுங்கும்போது செல்லின் சவ்வு உட்பக்கமாகக் குழிந்து துகளைச் சுற்றி ஒரு பையாக மூடிக்கொள்கிறது. அந்தப் பை கடைசியில் லைசோசோமோடு போய்ச் சேர்கிறது. லைசோசோம் என்பது செல் தன் கழிவுகளையும் விழுங்கியவற்றையும் செரிக்கிற அமிலப் பை. வெளியே இரத்தத்தின் பி.எச். 7.4 என்றால், லைசோசோமுக்குள் 4.5 முதல் 5 வரை. பாக்டீரியாவைக் கொல்லவும் பழைய புரதங்களை உடைக்கவும் இந்த அமிலம் உதவுகிறது. உலோக ஆக்சைடு துகளின் கதை இரண்டாகப் பிரிவதும் இந்த அமிலத்தில்தான். சில ஆக்சைடுகள் அதில் கரையும், சில கரையாது.

துத்தநாக ஆக்சைடு கரையும். பெரிய கற்கண்டைவிடப் பொடித்த சீனி சீக்கிரம் கரைவதைப் போல, நானோ அளவில் இன்னும் வேகமாகக் கரையும். செல்லுக்கு வெளியே துத்தநாக அயனிகள் மிதந்தால் அவை உள்ளே வருவதைச் சவ்வில் இருக்கும் வாயில்கள் கட்டுப்படுத்தும். ஆனால் துகளாக உள்ளே வந்துவிட்டால் அந்தக் காவலுக்கே வேலை இல்லை. செல்லுக்கு நடுவிலேயே கரைந்து அயனிகளைக் கொட்டுகிறது.

துத்தநாகம் நமக்கு அவசியமான தாதுதான். நூற்றுக்கணக்கான நொதிகள் அதை நம்பி இருக்கின்றன. ஆனால் ஆரோக்கியமான செல்லில் எதனோடும் சேராத துத்தநாகம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். மெட்டலோதயோனின் போன்ற புரதங்கள் அதைப் பிடித்து வைத்துத் தேவைப்படும்போது தருகின்றன. அந்தப் புரதங்களின் கொள்ளளவு நிரம்பியதும் மீதி அயனிகள் மைட்டோகாண்ட்ரியாவை அடைகின்றன. அங்கே சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது, ஆற்றல் உற்பத்தி குறைகிறது, ஃப்ரீ ராடிக்கல்கள் என்னும், வேகமாக வினைபுரியும் மூலக்கூறுகள் கசிகின்றன, கால்சியத்தின் சமநிலை குலைகிறது. லைசோசோமின் சவ்வும் கிழியலாம். அப்போது உள்ளே இருந்த செரிமான நொதிகள் வெளியே வந்து செல்லின் பாகங்களையே தாக்கும்.

நுரையீரலில் இந்தத் துகள்களை முதலில் விழுங்குபவை மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள். அவை காயம்பட்டதும் அபாய அறிவிப்பாகச் சைட்டோகைன்களை வெளியிடுகின்றன. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பில் வெல்டிங் செய்தவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 1990-களில் இவற்றைக் கண்டார்கள்: முதல் சில மணி நேரங்களில் டி.என்.எஃப்., அதைத் தொடர்ந்து இன்டர்லியூக்கின் 6, 8, அப்புறம் வெள்ளம் போல நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள். இரவில் வரும் காய்ச்சல் இதுதான். கிருமி எதுவும் இல்லை. கிருமி வந்தால் உடம்பு அனுப்பும் அதே செய்தியைத் துகள் அனுப்ப வைத்துவிட்டது. இரண்டாம் நாள் காய்ச்சல் குறைவதற்கு, முதல் நாள் அதிர்ச்சியில் செல்கள் மெட்டலோதயோனினைக் கூடுதலாகச் செய்துவைப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதே துத்தநாக ஆக்சைடை விழுங்கினால்? வயிற்று அமிலத்தில் கரைந்து அயனியாகிவிடும். குடல் தனக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொள்ளும். உணவில் துத்தநாகச் சத்துச் சேர்க்கப் பயன்படுத்தும் பொருள்களில் துத்தநாக ஆக்சைடும் ஒன்று. சித்த மருத்துவத்தின் நாக பற்பத்திலும் பெரும்பகுதி இதுதான். அளவுக்கு மீறினால் விழுங்கினாலும் கெடுதல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடலுக்கு இருக்கிற கட்டுப்பாடு நுரையீரலின் காற்றறைக்குக் கிடையாது. அங்கே காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவர் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன்கூட இல்லை.

தாமிர ஆக்சைடு இதைவிட மோசம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஹன்னா கார்ல்சன் குழு 2008-ல் பல உலோக ஆக்சைடு நானோ துகள்களை மனித நுரையீரல் செல் வரிசை ஒன்றில் அருகருகே வைத்துப் பார்த்தது. தாமிரம், துத்தநாகம், டைட்டானியம், இரும்பின் இரண்டு ஆக்சைடுகள், கூடவே ஒப்பிட்டுப் பார்க்கக் கார்பன் நானோ குழாய்களும். செல்களைக் கொன்றதிலும் டி.என்.ஏ.வை உடைத்ததிலும் தாமிர ஆக்சைடுதான் முதலிடம். திரவத்தில் கரைந்து வந்த தாமிர அயனிகளை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சேதம் வரவில்லை. துகள் உள்ளே போனால்தான் அந்த அளவு கெடுதல்.

துத்தநாகத்துக்கும் தாமிரத்துக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. துத்தநாக அயனி செல்லுக்குள் எலக்ட்ரானை வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. தாமிரம் ஒரு எலக்ட்ரானை வாங்கும், திருப்பிக் கொடுக்கும், மறுபடி வாங்கும். ஒவ்வொரு சுற்றிலும் செல்லில் இயல்பாக இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்கும். இரும்பும் இதைச் செய்யும். ஹென்றி ஃபென்டன் 1894-ல் விவரித்த வினை இதுதான். ஹைட்ராக்சில் ராடிக்கல் தான் பிறந்த இடத்தில் எது கிடைக்கிறதோ அதைத் தாக்கும். கொழுப்புச் சவ்வு, புரதம், டி.என்.ஏ. எதுவும் விலக்கல்ல. அதைக் குறிவைத்து அழிக்க நம் உடம்பில் ஒரு நொதிகூட இல்லை.

செல் சும்மா இருப்பதில்லை. குளூட்டாதியோன் என்னும் சிறு மூலக்கூறு தன்னையே கொடுத்து ராடிக்கல்களை அடக்குகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஆண்ட்ரே நெல் குழு இந்தப் போராட்டத்தை மூன்று கட்டமாக விளக்குகிறது. முதல் கட்டத்தில் என்.ஆர்.எஃப்.2 என்னும் புரதம் பாதுகாப்பு நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும். செல் சமாளித்துக்கொள்ளும். ராடிக்கல்கள் அதையும் மீறினால் அழற்சிக்கான சமிக்ஞைகள் எழும். அதற்கும் மேலே போனால் மைட்டோகாண்ட்ரியா உடைந்து செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். எனக்கு இந்த விளக்கத்தில் பிடித்தது, சேதத்துக்கும் தாங்குதலுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்வது. ஒரு துகளைப் பார்த்ததும் செல் செத்துவிடுவதில்லை.

டைட்டானியம் டை ஆக்சைடு லைசோசோமில் கரையாது. அங்கேயே கிடக்கும். வெள்ளை நிறத்துக்காகப் பெயிண்ட், பிளாஸ்டிக், காகிதம், மாத்திரை, பற்பசை என்று உலகம் முழுக்கப் புழங்கும் பொருள் இது. ஆனால் எல்லா டைட்டானியம் டை ஆக்சைடும் ஒன்றல்ல. அனட்டேஸ், ரூட்டைல் என்று படிக அமைப்பில் இரண்டு முக்கிய வகைகள். அனட்டேஸ் மேல் புற ஊதா ஒளி பட்டால் அது ராடிக்கல்களைத் தாராளமாக உண்டாக்கும். அதனால்தான் சன்ஸ்கிரீனுக்குப் பெரும்பாலும் ரூட்டைல் வகையை எடுத்து, மேலே அலுமினா அல்லது சிலிக்காவைப் பூசிப் பயன்படுத்துகிறார்கள். கார்ல்சன் குழு 2009-ல் நானோ அளவையும் மைக்ரோ அளவையும் ஒப்பிட்டபோது ஒரு ஆச்சரியம் கிடைத்தது. தாமிர ஆக்சைடில் நானோதான் மிகக் கொடியது. டைட்டானியத்தில் தலைகீழ்: மைக்ரோ அளவுத் துகள்களே டி.என்.ஏ.வை அதிகம் சேதப்படுத்தின. படிக அமைப்பு வேறுபட்டதே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். சிறியது என்றாலே விஷம் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைகிறது.

மூச்சின் வழியே போகும் டைட்டானியம் பற்றிய பழைய ஆய்வுகள் இரண்டை அருகருகே வைத்தால் மொத்தச் சிக்கலும் விளங்கும். 1985-ல் வெளியான ஆய்வில் எலிகள் இரண்டு ஆண்டுகள் சாதாரண நிறமித் தூளைச் சுவாசித்தன. கன மீட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற, மூச்சே திணறும் அளவில்தான் நுரையீரல் கட்டிகள் வந்தன. 1995-ல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில் மிக நுண்ணிய டைட்டானியம். அங்கே சுமார் 10 மில்லிகிராமிலேயே கட்டிகள் வந்துவிட்டன. இதன் அடிப்படையில்தான் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் 2011-ல் இரண்டு தனித்தனி வரம்புகளைப் பரிந்துரைத்தது. சாதாரணத் தூளுக்குக் கன மீட்டருக்கு 2.4 மில்லிகிராம், நானோ அளவுக்கு 0.3 மில்லிகிராம். ஒரே வேதிப்பொருளுக்கு அளவைப் பார்த்து இரண்டு வரம்பு வைத்த அந்த முடிவு சரியானது, இன்னும் பல பொருள்களுக்கு அது வந்திருக்க வேண்டும்.

எலியின் நுரையீரல் இந்த விஷயத்தில் மனிதருடையதைவிட எளிதாகத் திணறிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கரையாத தூசியால் மேக்ரோஃபேஜ்கள் நிரம்பி, சுத்தம் செய்யும் வேலையே நின்றுபோய், நாள்பட்ட அழற்சி கட்டியாக மாறுவது எலிகளில் நன்றாகத் தெரிகிறது. சுண்டெலியிலும் ஹாம்ஸ்டரிலும் அந்த அளவு இல்லை. டைட்டானியம் ஆலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் நுரையீரல் புற்றுநோய் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006-ல் கூடி, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்ற 2-பி பிரிவில் இதை வைத்ததன் பின்னணி இதுதான்.

உணவில் சேர்க்கும் டைட்டானியம், அதாவது இ171, வேறொரு விவாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் இ171 தூளில் எண்ணிக்கைப்படி சுமார் 36 சதவீதத் துகள்கள் 100 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதைக் காட்டினார்கள். மிட்டாய், சூயிங்கம் வழியாக எடைக்கு ஏற்பப் பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதிகம் உட்கொள்வதும் அதில் தெரிந்தது. 2017-ல் பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. எலிகளுக்கு 100 நாள் குடிநீரில் இ171 கொடுத்தபோது, 40 சதவீத எலிகளின் பெருங்குடலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள். பிரான்ஸ் 2020-ல் தடை விதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதம், டி.என்.ஏ. சேதம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் இதைப் பாதுகாப்பான சேர்க்கையாகக் கருத முடியாது என்றது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க உணவில் தடை. மருந்து மாத்திரைகளில் மட்டும் இன்னும் அனுமதி உண்டு.

ஆனால் அமெரிக்கத் தொழில்துறையின் நிதியில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், இதே இ171-ஐத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது அந்த மாற்றங்கள் தெரியவில்லை. துலூஸில் துகள்களை அதிர்வு கொடுத்துப் பிரித்து நீரில் பரவ விட்டிருந்தார்கள். தீவனத்தில் அவை கட்டிப்பட்டே இருக்கும். நாம் மிட்டாயில் தின்பது இந்த இரண்டில் எதற்கு நெருக்கம் என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவை ஐரோப்பாவோடு உடன்படவில்லை. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2023-ல் மறுபடி ஆராய்ந்து, வரம்பு தேவையில்லை என்ற பழைய நிலையிலேயே நின்றது. இந்தியாவிலும் சில உணவுகளில் இது அனுமதிக்கப்பட்ட பொருள்தான். என் கருத்து, வெறும் வெண்மைக்காக மட்டும் சேர்க்கும் ஒன்றுக்கு இத்தனை சந்தேகத்தைத் தாங்க வேண்டிய அவசியமில்லை. எந்தச் சத்தும் தராத, கெடாமல் காக்கவும் செய்யாத பொருளைக் குழந்தைகளின் மிட்டாயிலிருந்து எடுத்துவிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நேற்றுவரை தின்றவர்கள் பதற வேண்டிய அளவுக்கும் ஆதாரம் இல்லை. விழுங்கியதில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடுகிறது.

சன்ஸ்கிரீன் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. துத்தநாக, டைட்டானியத் துகள்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. சிட்னி கடற்கரையில் தன்னார்வலர்களுக்குத் தனி ஐசோடோப்பால் அடையாளமிட்ட துத்தநாக ஆக்சைடைப் பூசி நடத்திய ஆய்வில், மிகச் சிறிதளவு துத்தநாகம் இரத்தத்தில் தெரிந்தது. அது துகளாகப் போனதா, கரைந்து அயனியாகப் போனதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐரோப்பிய அறிவியல் குழு கிரீமுக்கு 25 சதவீதம் வரை சரி என்றது. ஸ்பிரேயாக அடித்து மூச்சில் போகும்படியான வடிவங்களுக்கு மட்டும் ஒப்புதல் தரவில்லை. இங்கேயும் தோலை விட்டுவிட்டு மூச்சைத்தான் பார்த்தார்கள்.

இவ்வளவு விதமான துகள்களையும் ஒவ்வொன்றாக விலங்குகளில் சோதிக்க முடியாது. அதனால் எது கெடுதல் செய்யும் என்று முன்கூட்டியே கணிக்க வழி தேடினார்கள். ஆண்ட்ரே நெல் குழு 2012-ல் 24 உலோக ஆக்சைடுகளை எடுத்துக்கொண்டது. இவற்றில் பல குறைக்கடத்திகள். எலக்ட்ரான் போய் உட்காரக்கூடிய ஆற்றல் நிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு உயரத்தில் இருக்கும். அந்த உயரமும், செல்லுக்குள் எலக்ட்ரான்கள் கைமாறும் ஆற்றல் எல்லையும் ஒத்துப்போனால், துகள் செல்லின் எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும். கோபால்ட், நிக்கல், மாங்கனீசு, குரோமியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் அப்படி ஒத்துப்போயின. அவையே செல்களிலும் சுண்டெலி நுரையீரலிலும் அழற்சியை உண்டாக்கின. இந்தக் கணக்குக்குள் அடங்காமல் கெடுதல் செய்தவை இரண்டே இரண்டு: துத்தநாகமும் தாமிரமும். அவை கரைவதால் கெடுக்கின்றன. ஆற்றல் நிலை, கரைதிறன் என்ற இரண்டு கேள்விகளால் 24 பொருள்களை ஏறத்தாழ வரிசைப்படுத்த முடிந்தது இந்தத் துறையின் நல்ல சாதனைகளில் ஒன்று.

கெடுதலுக்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. சீரியம் ஆக்சைடு தன் எலக்ட்ரானை மாற்றி மாற்றி ராடிக்கல்களை அடக்குகிறது. அதே நெல் குழுவின் 2008 ஆய்வில், துத்தநாக ஆக்சைடு கொன்ற செல் வகைகளை அது ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காத்தது. அதிக அளவில் நுரையீரலில் தங்கினால் அதே சீரியம் எலிகளில் தழும்பை உண்டாக்குகிறது. இரும்பு ஆக்சைடோ மருந்தாகவே வந்துவிட்டது. சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு நரம்பில் ஏற்றும் ஃபெரூமாக்சிட்டால் 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை சிலருக்கு வந்ததால் 2015-ல் அதன் உறையில் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. சர்க்கரைப் பொருள் ஒன்றால் போர்த்தி, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றும் இரும்பு அது. ஊர்க்காற்றில் கலந்து வரும் இரும்பு அப்படியல்ல. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மேஹர் 2016-ல் மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்த 37 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்து, மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் உருண்டையான நானோ துகள்களைக் கண்டார். உடம்பு தானாகச் செய்யும் மேக்னடைட் அந்த வடிவில் இருக்காது. அதிக வெப்பத்தில் உருகி உறைந்தவைதான் அப்படி இருக்கும். அவற்றால்தான் மறதி நோய் வருகிறது என்று நிரூபணமாகவில்லை. மூளை வரை வருகின்றன என்பது மட்டும் தெரிகிறது.

எப்படி வருகின்றன? ஒரு வழி மூக்கு. ராச்செஸ்டர் குழு 2006-ல் எலிகளை 12 நாள் மாங்கனீசு ஆக்சைடு நானோ துகள்களைச் சுவாசிக்க வைத்தது. மூளையின் நுகர்வுப் பகுதியில், அதாவது வாசனையை உணரும் பகுதியில், மாங்கனீசு மூன்றரை மடங்கானது. ஒரு நாசியை அடைத்துவிட்டால் திறந்திருந்த பக்கம் மட்டுமே சேர்ந்தது. இரத்தத்தைச் சுற்றி வராமல் நுகர்வு நரம்பு வழியே நேராக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வெல்டிங் ராடிலும் கம்பியிலும் மாங்கனீசு இருக்கிறது. மாங்கனீசு அதிகம் சுவாசித்தவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் வருவது மருத்துவத்துக்கு நீண்ட காலமாகத் தெரியும்.

ஆய்வகச் செய்திகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். செல் தட்டில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கொட்டிப் பார்ப்பது சர்வசாதாரணம். உண்மையான நுரையீரலுக்கு ஒரு நாளில் அந்த அளவு போய்ச் சேருவது அரிது. தட்டில் துகள்கள் கட்டிப்பட்டு அடியில் படிந்து செல்களை மூடிவிடுவதும் உண்டு. செல் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் நிறச் சோதனைகளில் துகளே ஒளியைச் சிதறடித்தோ சாயத்தை உறிஞ்சியோ முடிவைக் கெடுத்துவிடும். இதனால்தான் தட்டில் கண்டதை மட்டும் வைத்து மிரட்டும் செய்தியையும், அதே காரணத்தைச் சொல்லி எல்லாவற்றையும் தள்ளிவிடும் பேச்சையும் நான் ஏற்பதில்லை. துத்தநாகப் புகையில் தட்டும், எலியும், மனிதரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்.

மனிதரைப் பற்றிய புதிய ஆதாரமும் இருக்கிறது. ஜெர்மனியின் போகம் நகரில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 16 தன்னார்வலர்கள் நானோ துத்தநாக ஆக்சைடை 4 மணி நேரம் சுவாசித்தார்கள். அளவு கன மீட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டவில்லை. மறுநாள் அவர்கள் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் கூடியிருந்தன. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை துத்தநாக ஆக்சைடு புகைக்கு வைத்த 8 மணி நேர வரம்பு 5 மில்லிகிராம். வெல்டிங் புகைக்கும் அதே 5. அந்தச் சட்டமும், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலையாக எடுத்துக்கொண்டது. கேட், கிரில் செய்யும் பட்டறைகளில் இருப்பது இரண்டு மூன்று பேர். வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவுக்கு உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் மாற்றிவிட்டது. மிட்டாயில் இருக்கும் வெள்ளைத் தூளுக்கு இல்லாத உறுதி அது. ஆனால் நம் செய்தித்தாள்களில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

பட்டறையில் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் நீக்கிவிட வேண்டும். கிரைண்டரில் தேய்த்து நீக்கும்போதும் முகமூடி தேவை. மூடிய அறையில், தொட்டிக்குள் வைத்து வேலை செய்யக் கூடாது. புகை எழும் இடத்துக்குப் பக்கத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய் இருந்தால் நல்லது. அது இல்லாவிட்டால் புகை முகத்துக்கு வராதபடி காற்றின் போக்கைப் பார்த்து நிற்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் இந்தத் துகள்களைத் தடுக்காது. என்95 வகை முகமூடி, முகத்தோடு பொருந்தி இருந்தால் நானோ துகள்களையும் பிடிக்கும். வேலை முடிந்ததும் பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பல இடங்களில் இருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகிறது, துகள் இருப்பதோ நுரையீரலில்.

காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால், அன்று எந்த உலோகத்தில் என்ன வேலை செய்தோம் என்பதைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். அவர் கேட்காமலே விட்டுவிடலாம். சில வகை வெள்ளிப் பற்றவைப்புக் கம்பிகளில் காட்மியம் இருக்கிறது. காட்மியம் ஆக்சைடு புகையும் முதல் சில மணி நேரம் இதே குளிர், இதே உடல்வலியோடுதான் ஆரம்பிக்கும். ஆனால் ஒரு நாளில் அடங்காமல் நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுத்துவிடும். காய்ச்சல் இறங்காமல் மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.